டிவியில் படம் சரியில்லையா? முதலில் டிவியை அணைத்துவிட்டுப் பாருங்கள்

கடலூர் தேவனாம்பட்டினத்தில், சில்வர் பீச்சுக்குப் போகிற வழியில் ஒரு மாடி வீடு. 55 இன்ச் டிவி வாங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. "தம்பி, காலையில படம் இருட்டடிச்ச மாதிரி இருக்கு. ரிமோட் அமுக்குனா கேக்க மாட்டேங்குது. சாயங்காலம் ஆனா தானா சரியாயிடுது" என்று அந்த அம்மா போனில் சொன்னபோதே பாதி விளங்கிவிட்டது. சாயங்காலமானால் தானாகக் குணமாகிற பழுது டிவிக்குள் இருக்காது.

போய்ப் பார்த்தால் கிழக்கே பால்கனிக் கதவு, நேர் எதிர்ச் சுவரில் டிவி. கடலில் எழும்பும் சூரியன் ஏழு மணிக்கெல்லாம் திரையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ரிமோட் கேட்காததற்கும் அதுதான் காரணம். ரிமோட் பேசுவது அகச்சிவப்பு ஒளியில். வெயிலிலும் அது கொட்டிக் கிடக்கிறது. டிவிக்கு அடியில் இருக்கும் சிறிய கண், அந்த வெள்ளத்துக்கு நடுவில் ரிமோட்டின் கண்சிமிட்டலைப் பிரித்துப் பார்க்க முடியாமல் திணறும். அன்று ஸ்குரூடிரைவரை பையிலிருந்து எடுக்கவே இல்லை. எனக்கு முன்னால் வந்தவர் "பேனல் மாத்தணும்", அதாவது திரையையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் என்பதுதான் வருத்தம்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் நீங்கள் என்ன பார்க்கிறீர்களோ அந்த அறிகுறியைத் தேடி, அங்கிருந்து படியுங்கள்.

"பகல்ல படத்தைவிட எங்க மூஞ்சிதான் நல்லா தெரியுது"

டிவியை அணையுங்கள். வழக்கமாக உட்காரும் இடத்தில், வழக்கமான நேரத்தில், வழக்கமான விளக்குகளோடு உட்காருங்கள். கருப்புத் திரையில் என்னென்ன தெரிகிறது என்று எண்ணுங்கள். ஜன்னலா, டியூப்லைட்டா, சாமி படத்தின் சீரியல் பல்பா, வெள்ளை வேட்டியா? அதில் தெரிகிற ஒவ்வொன்றும் டிவி ஓடும்போது படத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. படம் ஓடும்போது மூளை அதைத் தள்ளிவிட்டுப் பார்ப்பதால் நமக்குத் தெரிவதில்லை, இருட்டுக் காட்சி வரும்வரை.

ஜன்னல் தெரிந்தால், எந்தத் திசை ஜன்னல் என்று பாருங்கள். நம் கடற்கரையில் கிழக்கு ஜன்னலின் தொல்லை காலை பத்து மணிவரைதான். மேற்கு ஜன்னல் மூன்று மணிக்கு மேல் ஆரம்பிக்கும். தெற்கு ஜன்னல்தான் ஏமாற்றும். நாம் இருப்பது வடக்கே 12 டிகிரி அட்சரேகைக்குப் பக்கத்தில். ஏப்ரல் கடைசியில் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும், ஜன்னல் வழியாக உள்ளே வராது. மார்கழியில் அது தெற்கே சாய்ந்து, உச்சிப்பொழுதில்கூட 55 டிகிரி உயரம்தான் ஏறும். அப்போது வீட்டுக்குள் வெகுதூரம் வரும். ஆடியில் மாட்டிய டிவி அருமையாக இருந்து, மார்கழியில் "மங்கிடுச்சி" என்று கூப்பிடுகிறவர்கள் அதிகம். டிவி மங்கவில்லை, சூரியன் இடம் மாறிவிட்டது.

திரைச்சீலையை உள்ளே போடுவதைவிட ஜன்னலுக்கு வெளியே மறைப்பது நல்லது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயில் சீலையையும் சூடாக்கி அறையையும் சூடாக்கும். மூங்கில் தட்டி போதும். புதுச்சேரியில் பிரெஞ்சு காலத்து வீடுகளில் சாய்வுப் பலகை அடுக்கிய மரக் கதவு ஜன்னலுக்கு வெளியே இருக்கிறதே, அது இந்த வேலைக்காகவே வைத்தது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு சறுக்குக் கண்ணாடி வைத்தவர்கள் பிறகு என்னிடம் டிவியைப் பற்றிக் குறை சொல்கிறார்கள். முற்றம் வைத்த பழைய தமிழ் வீடுகளில் பிரச்சினை வேறு மாதிரி. தாழ்வாரத்துச் சுவரில் டிவி மாட்டினால் வானமே திரையில் இறங்கும். அதற்குத் தட்டி கட்ட முடியாது. டிவியை முற்றத்துக்கு முதுகு காட்டுகிற சுவருக்கு மாற்றுவதுதான் வழி. அப்போது முற்றத்து வெளிச்சம் திரையில் படாது. ஆனால் பார்ப்பவர் கண்ணுக்கு நேராக வரும், அதனால் சரிந்து உட்காரும் கோணத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

டியூப்லைட் தெரிந்தால், பெரும்பாலும் டிவி அளவுக்கு மீறி உயரத்தில் மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். கீழே சோபாவில் உட்கார்ந்து மேலே பார்க்கிறீர்கள். பார்வை திரையில் பட்டு, அதே கோணத்தில் இன்னும் மேலே ஏறி, எதிர்ச் சுவரின் உச்சியைத் தொடும். டியூப்லைட்டை நாம் மாட்டுவதும் அங்கேதான். திரையின் நடு மையம் உட்கார்ந்தவரின் கண்ணளவில் இருக்க வேண்டும், தரையிலிருந்து 1 மீட்டரோ சற்று மேலோ. "குழந்தைங்க கைக்கு எட்டக்கூடாது, அதான் மேல" என்பார்கள். அது நியாயம்தான். அப்படியானால் டிவியை முன்பக்கமாகச் சாய்க்கிற பிராக்கெட் வாங்குங்கள். கண்ணாடியை ஒரு பங்கு சாய்த்தால் எதிரொளி இரண்டு பங்கு நகரும். டிவியை 5 டிகிரி சாய்த்தால் பிம்பம் 10 டிகிரி இறங்கும். இரண்டரை மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில் அது கிட்டத்தட்ட 44 சென்டிமீட்டர். டியூப்லைட் திரையை விட்டு ஓடிப்போக அது பல வீடுகளில் போதும்.

பக்கவாட்டில் இழுத்துத் திருப்பும் கை வைத்த பிராக்கெட் இன்னும் வசதி. ஆனால் சுண்ணாம்புக் காரையும் பழைய செங்கல்லும் சேர்ந்த சுவரில் அதைப் போடாதீர்கள். கை நீளும்போது டிவியின் எடை நெம்புகோல் மாதிரி மேல் ஆணியை இழுக்கும். காரை உதிர்ந்து, பிளக்கோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். ஒரு வீட்டில் அப்படித் தொங்கிக்கொண்டிருந்ததை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து இறக்கினோம். அந்த மாதிரிச் சுவருக்கு மேசை ஸ்டாண்டே மேல்.

மூன்றாவதாகத் தரை. யாரும் சந்தேகப்படாத குற்றவாளி இது. வெள்ளை வெளேரென்ற பளபள டைல்ஸ் போட்ட ஹாலில், வாசல் வெயில் தரையில் பட்டு, அங்கிருந்து எகிறித் திரைக்குப் போகும். வெயில் விழுகிற இடத்தில் ஒரு கோரைப் பாயை விரித்துவிட்டு வித்தியாசத்தைப் பாருங்கள். நான் செய்துகொடுத்த வேலைகளிலேயே மலிவானது இதுதான். கூலி வாங்கவே கூச்சமாக இருந்தது.

செய்யக்கூடாததும் ஒன்று உண்டு. டிவிக்கு முன்னால் மாட்டும் அக்ரிலிக் தட்டு. பந்தடி படாமல் காக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் "கண்கூச்சத்தைக் குறைக்கும்" என்று சொல்லி விற்பது பொய். பளபளப்பான அக்ரிலிக்கின் ஒவ்வொரு பரப்பும் மேலே விழும் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு 4 பங்கைத் திருப்பி அனுப்பும். தட்டுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு பரப்பு. டிவி கம்பெனிக்காரன் பார்த்துப் பார்த்துப் பூசிய எதிரொளி குறைக்கும் பூச்சுக்கு மேல் நீங்களே இரண்டு கண்ணாடி வைத்த கணக்கு.

இன்னும் டிவி வாங்கவில்லை என்றால், மாட்டப் போகிற சுவரில் அதே உயரத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் சோபாவில் உட்கார்ந்து, அதில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை, விளக்கு போட்டு ஒரு முறை.

"ராத்திரியிலயும் மங்கலாத்தான் இருக்கு"

இப்போது அறையை விட்டு டிவிக்கு வருவோம். மின்சாரம் மிச்சம் பிடிக்கும் அமைப்பு பெரும்பாலும் கடையிலிருந்து வரும்போதே போட்டபடி இருக்கும். எனர்ஜி சேவிங், ஈகோ, ஆட்டோ பிரைட்னஸ் என்று பெயர் மாறும். அறை வெளிச்சத்தை அளந்து திரையைத் தானே குறைக்கும். அந்த உணரியின் மேல் தூசியோ, பூ மாலையோ, செட்டாப் பாக்ஸோ மறைத்தால், அறை இருட்டு என்று நினைத்துக்கொண்டு இன்னும் குறைக்கும். அதை நிறுத்திப் பாருங்கள்.

அடுத்து, பெயர்க் குழப்பம். பிரைட்னஸ் என்று போட்டிருப்பதை எல்லோரும் ஏற்றுவார்கள். பல டிவியில் அது வெளிச்சத்தை ஏற்றாது, கருப்பைச் சாம்பலாக்கும். உண்மையில் விளக்கைக் கூட்டுவது பேக்லைட் என்ற வரி. சோனியில் தலைகீழ்: அங்கே பிரைட்னஸ்தான் விளக்கு, கருப்புக்குத் தனியாக பிளாக் லெவல். உங்கள் டிவியில் எது எது என்று தெரிய, இருட்டுக் காட்சி ஒன்றை நிறுத்திவைத்து ஒவ்வொன்றையும் ஏற்றி இறக்குங்கள். தலைமுடியின் கருப்பு சாம்பல் பூத்தால் அது கருப்பின் அளவு. அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விடுங்கள்.

யூட்யூப், சேனல் எல்லாம் நன்றாக இருந்து, ஓடிடி படம் மட்டும் இருட்டாக இருந்தால் அது எச்டிஆர். பளிச்சிடும் இடத்துக்காக ஒளியைச் சேமித்து வைத்திருக்கும் படம் அது. விலை குறைந்த பேனலில் அந்தப் பளிச்சுக்குத் தேவையான வெளிச்சம் இருக்காது. நண்பகலில் திறந்த ஹாலில் அதைப் பார்ப்பது வீண். ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தம் வருகிறது, படமே இல்லை என்றால்: அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடியுங்கள். உள்ளே படம் நிழல் மாதிரி அசைவது தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, பின்னால் இருக்கும் விளக்கோ அதற்கு மின்சாரம் தரும் பகுதியோ போய்விட்டது. மாற்றக்கூடிய பழுதுதான். இந்தச் சோதனையை நீங்கள் செய்துவிட்டே மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். "பேனல் போச்சு" என்று யாரும் உங்களிடம் சுலபமாகச் சொல்ல முடியாது. ஓஎல்இடி டிவிக்கு மட்டும் இது பொருந்தாது, அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், பின்விளக்கே கிடையாது.

"அங்கங்க வெள்ளை வட்டம்", "படம் நீலம் பாஞ்சிருக்கு"

வட்ட வட்டமாக நிலா மாதிரி வெளிச்சப் புள்ளி தெரிந்தால், பின்னால் எல்இடி பட்டையில் ஒவ்வொரு விளக்கின் மேலும் ஒட்டியிருக்கும் சின்ன லென்ஸ் கழன்று விழுந்திருக்கிறது. ஒளியைப் பரப்புவது அந்த லென்ஸ்தான். ஒன்று விழுந்தால் மற்றவையும் விழ நாளாகாது, எல்லாவற்றையும் சேர்த்தே சரிசெய்யச் சொல்லுங்கள்.

நீலம் பாய்வதும் அதே விளக்கு சமாசாரம். வெள்ளை எல்இடி என்பது உண்மையில் நீல விளக்கின் மேல் மஞ்சள் ஒளிர்பொருள் பூசியது. சூட்டில் அந்தப் பூச்சு கெட்டால் நீலம் மட்டும் மிஞ்சும். பேக்லைட்டை வருடக்கணக்கில் 100-இல் வைத்திருந்த வீடுகளில் இதைச் சீக்கிரம் பார்க்கிறேன். பகல் வெளிச்சத்தோடு போட்டி போடத்தான் அதை 100-க்கு ஏற்றியிருப்பார்கள். தரையில் ஒரு பாய் விரித்திருந்தால் விளக்கு பிழைத்திருக்கும்.

"எல்லார் முகமும் மஞ்சள் பூசின மாதிரி"

விவிட், டைனமிக் என்ற பட முறை. ஷோரூமில் பத்து டிவிக்கு நடுவில் கண்ணைப் பறிக்க வைத்தது. மூவி, சினிமா, ஃபிலிம்மேக்கர் என்று இருப்பதில் ஒன்றுக்கு மாற்றுங்கள். முதல் நாள் பழுப்பாகத் தெரியும், மூன்றாம் நாள் பழையதுக்குத் திரும்ப மாட்டீர்கள். பகலுக்கு ஸ்டாண்டர்ட், இரவுக்கு மூவி என்று இரண்டை வைத்துக்கொள்வது என் பழக்கம்.

"சினிமா பாத்தா சீரியல் மாதிரி வழுக்கிட்டு ஓடுது"

சினிமா நொடிக்கு 24 படம். நடுவில் இல்லாத படங்களை டிவியே கற்பனை செய்து நிரப்புகிறது. எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி. நிறுத்துங்கள். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம்.

"நியூஸ்ல கீழ ஓடுற வரி பாதி வெட்டுப்படுது"

படத்தைச் சற்றே பெரிதாக்கி ஓரத்தை வெட்டுவது பழைய டியூப் டிவி காலத்து வழக்கம். பட அளவு மெனுவில் ஜஸ்ட் ஸ்கேன், ஃபிட் டு ஸ்க்ரீன், ஃபுல் பிக்சல் போன்ற பெயரில் இருப்பதைப் போடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் செட்டாப் பாக்ஸின் மெனுவில் ஜூம் இருக்கிறதா பாருங்கள்.

"பெரிய டிவி வாங்கினா படம் கலங்கலா இருக்கு"

பழைய 32 இன்ச்சில் நன்றாகத் தெரிந்த அதே சேனல்தான். சாதாரண எஸ்டி சேனலின் படம் 720-க்கு 576 புள்ளி. 4கே டிவியில் 3840-க்கு 2160. கணக்குப் போட்டால் சரியாக இருபது மடங்கு. ஒரு புள்ளியை இருபதாக நீட்டினால் கலங்காமல் என்ன செய்யும்? சேனலை எச்டி பேக்குக்கு மாற்றுங்கள், செட்டாப் பாக்ஸும் எச்டிதானா, மஞ்சள் சிவப்பு வெள்ளை வயரில் இல்லாமல் எச்டிஎம்ஐ வயரில்தான் போகிறதா என்று பாருங்கள். எச்டி காசு கட்டிவிட்டு மூவர்ண வயரில் பார்க்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

தூரமும் முக்கியம். 55 இன்ச்சுக்கு 2.2 மீட்டர், 43 இன்ச்சுக்கு 1.75 மீட்டர் என்பது பரவலாகச் சொல்லும் அளவு. முத்தியால்பேட்டை பக்கத்து ஒடுக்கமான வீட்டு ஹாலில் 65 இன்ச் மாட்டச் சொல்பவரிடம் நான் டேப்பை நீட்டி அளந்து காட்டுவேன். கேட்க மாட்டார்கள், ஆனாலும் காட்டுவேன்.

"கட்டம் கட்டமா உடையுது"

கருத்த மேகம் வரும்போது உடைந்து, மழை விட்டதும் சரியானால் அது டிஷ்ஷின் இயல்பு. மேகத்திலும் மழையிலும் அந்த அலை கரையும். மழையே இல்லாமல் உடைந்தால் மாடிக்குப் போய், டிஷ்ஷின் மூக்கில் வயர் திருகியிருக்கும் இடத்தைப் பாருங்கள். கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் அங்கே பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கும். உப்புக் காற்று செய்த வேலை. புது கனெக்டர் போட்டு, மேலே ரப்பர் டேப் சுற்றி, வயர் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறும்படி விடுங்கள். மழைத் தண்ணீர் வளைவில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் போகாது.

மார்ச்சிலும், செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரையிலும், சில நாட்கள் பகலில் ஒரே நேரத்தில் சில நிமிடம் மட்டும் படம் போய்த் திரும்பும். சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வந்து டிஷ்ஷின் கண்ணைக் கூச வைக்கிறது. உங்கள் ஹாலில் நடந்த அதே கதை, மாடியில். யாரையும் கூப்பிட வேண்டாம்.

"மினுமினுன்னு புள்ளி தெறிக்குது, நடு நடுவுல இருட்டாகி வருது"

எச்டிஎம்ஐ வயர். இரண்டு முனையையும் கழற்றி மாட்டுங்கள், வேறு துளையில் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 60 படம் ஓடும் 4கே-க்கு, நொடிக்கு 18 ஜிகாபிட் தாங்கும் வயர் வேண்டும். பத்து வருடத்துக்கு முன் டிவிடி பிளேயரோடு வந்தது தாங்காது.

"நட்ட நடுவுல ஒரு கோடு"

டிவி மெனுவைத் திறங்கள். மெனுவின் மேலும் கோடு ஓடினால் குறை டிவிக்குள். மெனு சுத்தமாக இருந்து பின்னால் படத்தில் மட்டும் கோடு இருந்தால் பாக்ஸோ வயரோ. டிவிக்குள் என்றால், அதிலும் மேலிருந்து கீழாக நூல் பிடித்த மாதிரி நேர்கோடு என்றால், நல்ல செய்தி சொல்ல என்னிடம் இல்லை. பேனலின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய இணைப்பு விட்டுப்போயிருக்கும். விளிம்பை அழுத்தினால் கோடு மறைவதைக் காட்டி, டேப் ஒட்டிக் காசு வாங்குவார்கள். சில வாரம் நிற்கும். வாரன்ட்டி இருக்கும்போது யாரையும் பின்மூடியைத் திறக்க விடாதீர்கள், மெனுவோடு சேர்த்து வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

"சேனல் மாத்தினாலும் பழைய சேனல் முத்திரை தெரியுது"

ஓஎல்இடி வைத்திருப்பவர்களுக்கு மட்டும். இந்த டிவி பல மணி நேரம் ஓடிய பிறகு, ரிமோட்டில் அணைத்ததும் தனக்குள் ஒரு சீரமைப்பு செய்துகொள்ளும். எல்ஜியில் மொத்தமாக 4 மணி நேரம் பார்த்த பிறகு அது நடக்கும். ஆனால் நம் வீடுகளில் படுக்கப் போகும்போது சுவரில் சுவிட்சைத் தட்டி அணைப்பது சுத்தமான பழக்கம், அம்மா சொல்லிக்கொடுத்தது. சீரமைப்பு ஒருநாளும் நடக்காமல் போய், செய்திச் சேனலின் முத்திரை தழும்பாக நின்றுவிடும். ரிமோட்டில் அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் விடுங்கள், பிறகு சுவிட்சை அணைக்கலாம்.

இடி மழைக்கும் புயலுக்கும் மட்டும் இது விதிவிலக்கு. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' என்ற புயல் அடித்து, நாள்கணக்கில் இருட்டில் கிடந்து, பிறகு மின்சாரம் திரும்பியபோது போன டிவிகள், புயலில் போனதைவிட என்னிடம் அதிகமாக வந்தன. பிளக்கையும், டிஷ் வயரையும், நெட் வயரையும் கழற்றிப் போடுங்கள். மின்சாரம் வந்து, பல்பு அசையாமல் எரிவதைப் பார்த்த பிறகு மாட்டுங்கள்.

"துடைச்ச பிறகுதான் இப்படி ஆச்சி"

உப்புக் காற்று ஊரில் திரையில் மெல்லிய பிசுக்குப் படியும். ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டால் புகை மூட்டம் மாதிரி பரவி, படம் வெளுத்துத் தெரியும். அதனால் துடைக்கத்தான் வேண்டும். ஆனால் ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கும் நீலத் திரவம், ஸ்பிரிட், விபூதி, நியூஸ் பேப்பர் எதுவும் வேண்டாம். பூச்சு ஒருமுறை உரிந்தால் திட்டுத்திட்டாக வானவில் தெரியும், திரும்ப ஒட்டாது. மூக்குக்கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியில் காய்ந்தபடி ஒருமுறை. போகாத இடத்துக்கு மட்டும் துணியை லேசாக நனைத்துக்கொள்ளுங்கள். திரையில் நேராகத் தெளித்தால் தண்ணீர் கீழ் விளிம்பில் இறங்கி, அந்த மெல்லிய இணைப்புகளுக்குள் போகும். தண்ணீரும் நம் போர் தண்ணீர் வேண்டாம், காய்ந்தால் வெள்ளை படியும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வீட்டில் இருக்குமே, அதில் நாலு சொட்டு போதும். துடைக்கும்போது டிவி அணைந்திருக்கட்டும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மட்டும் வெயில் திரையில் விழலாம், அப்போதுதான் எங்கே அழுக்கு என்று தெரியும்.